கெம்பஸ் வாசல் – 7: பெயர் பதிந்த நாளிலிருந்து பட்டம் வரை

கடந்த வாரம் இசட் புள்ளியோடு நிறுத்தியிருந்தேன். உயர்தரத்தில் மூன்று பாடங்களிலும் ஒரே தடவையில் சித்தி, எல்லோருக்கும் பொதுவான வினாத்தாளில் 30 புள்ளிக்குக் குறையாமல், அதற்குமேல் வெட்டுப்புள்ளி. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டச் சனத்தொகையின்படி, மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்த 16இல் நுவரெலியாவும் ஒன்று. கண்டி அதில் இல்லை. அதனால் நோர்வூட்டில் படிக்கிற பிள்ளைக்குக் கிடைக்கும் அந்தச் சிறு சலுகை, கினிகத்தேனையைத் தாண்டி நாவலப்பிட்டிப் பக்கம் போனால் கிடைக்காது. அங்கேயும் தேயிலைதான், அங்கேயும் லயம்தான். நுவரெலியாவுக்கு உள்ளேயும், டவுன் பாடசாலையில் எல்லா வசதியோடும் படித்தவரும் மலை உச்சித் தோட்டத்திலிருந்து நடந்து வந்து படித்தவரும் ஒரே மாவட்டக் கணக்கில்தான் வருகிறார்கள். இது சரியில்லை என்பது என் தீர்மானமான கருத்து. அதைப் போன வாரமே விரிவாக எழுதிவிட்டேன்.

இந்த வாரம் வாசலுக்கு உள்ளே போவோம்.

நோர்வூட் சந்தியில், மஸ்கெலியா வீதியும் பொகவந்தலாவை வீதியும் பிரிகிற இடத்தில், பெறுபேறு வந்த கையோடு வாழ்த்துப் பதாகைகள் தொங்கும். "எங்க தோட்டத்துப் புள்ள கெம்பஸ் போகுது" என்று சொல்கிறவர்களின் முகத்தைப் பார்த்தாலே மனம் நிறைந்துவிடும். அந்தப் பெருமைக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அனுமதி கிடைப்பது ஒரு கதை, பட்டத்தோடு திரும்புவது வேறு கதை. முதலாவதற்கு டியூஷன் சேர் இருக்கிறார், பாடசாலை இருக்கிறது, அண்ணன் அக்காமார் எழுதிய பழைய வினாத்தாள் இருக்கிறது. இரண்டாவதற்கு வழி சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

ஏன் இல்லை? இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் தொடங்கியது. 1952இல் அது பேராதனைக்கு வந்தது. ஹட்டனில் ரயில் ஏறினால் சில மணி நேரத்தில் போய்ச் சேரும் தூரம். ஆனால் அது வருவதற்கு நான்கு வருடம் முன்பே, 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றவர்களாக்கிவிட்டிருந்தது. தோட்டத்திலிருந்த பாடசாலைகளோ பெரும்பாலும் ஒற்றை ஆசிரியர், ஒற்றை மண்டபம், ஐந்தாம் வகுப்போடு சரி. அவற்றை அரசாங்கம் 1970களில்தான் படிப்படியாகப் பொறுப்பேற்றது. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ தாத்தா காலத்திலிருந்தே பட்டம் வாங்கிய குடும்பங்கள் உண்டு. இரவுச் சாப்பாட்டுப் பேச்சிலேயே அங்குள்ள பிள்ளை கெம்பஸ் நடைமுறையைத் தெரிந்துகொள்கிறது. கொழுந்தெடுத்து வந்து களைத்திருக்கும் அம்மாவிடம் போய் நம் பிள்ளை எதைக் கேட்கும்? ஆகவே இதைக் கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் கிரெடிட். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி மூன்று வருடப் பொதுப் பட்டத்துக்கு 90 கிரெடிட், நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120. வருடத்துக்கு 30. ஒரு கிரெடிட் என்றால் மொத்தம் 50 மணி நேர உழைப்பு. விரிவுரையாக நடக்கும் பாடத்தில் அதில் 15 மணி நேரம்தான் மண்டபத்தில் உட்கார்ந்து கேட்பது. மிச்சம் 35 மணி நேரமும் நூலகம், ஒப்படை, சொந்த வாசிப்பு. அதாவது பாதிக்கு மேற்பட்ட படிப்பு விரிவுரையாளரின் வாயிலிருந்து வராது. டியூட் மனப்பாடத்தில் உயர்தரம் தாண்டி வந்த பிள்ளைகள் முதல் செமெஸ்டரில் தடுமாறுவது இந்த இடத்தில்தான். ஆய்வுக்கும் தொழிற்பயிற்சிக்கும் கணக்கு இன்னும் கடுமை, ஒரு கிரெடிட்டுக்கு 100 மணி நேரம். பிரிட்டனில் மூன்று வருடப் பட்டத்துக்கு 360 கிரெடிட் என்று கேட்டால் மலைக்க வேண்டாம். அங்கே ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேரம்தான்.

அடுத்தது ஜி.பி.ஏ. பட்டம் பெற 2.00 வேண்டும். ஏ தரத்துக்கு 4, பி தரத்துக்கு 3, சி தரத்துக்கு 2, டி தரத்துக்கு 1, இடையில் பிளஸும் மைனஸும். வாசிக்கும்போது இலேசாகத் தெரியும். ஒரு செமெஸ்டரைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று கிரெடிட் பாடங்கள் ஐந்து. நான்கில் சி பிளஸ், அதாவது 2.3. ஒன்றில் டி பிளஸ், 1.3. கூட்டிப் பெருக்கி 15ஆல் வகுத்தால் 2.10 வருகிறது. தப்பித்தாயிற்று. இன்னொரு பாடத்திலும் டி பிளஸ் விழுந்தால்? 1.90. ஒரேயொரு பாடம் கோட்டுக்குக் கீழே தள்ளிவிடுகிறது. சித்தியடையாத பாடத்தை மறுபடி எழுதலாம், ஆனால் ரிப்பீட் எழுதினால் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் சி தரத்துக்கு மேல் கொடுப்பதில்லை என்பதுதான் பரவலான விதி. முதல் வகுப்புக்கு 3.70, இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுக்கு 3.30, கீழ்ப்பிரிவுக்கு 3.00 என்று வைத்திருக்கிற ஏற்பாட்டில், அந்த ஒரு சி கடைசிவரை கூடவே வந்து கீழே இழுக்கும்.

இங்கேதான் நான் மிக அழுத்திச் சொல்ல விரும்பும் விஷயம் வருகிறது. அது மெடிக்கல்.

பரீட்சை நாளில் காய்ச்சல். பிள்ளை ஹொஸ்டலில் படுத்துவிடுகிறது, பரீட்சைக்குப் போகவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. அடுத்த வருடம் எழுதிக்கொள்ளலாம் என்று நினைக்கிறது. எழுதலாம், ஆனால் ரிப்பீட்டாகத்தான். அந்தத் தவணையும் ஒரு முயற்சியாகக் கணக்கில் போய்விடும். அதே பிள்ளை உரிய வைத்தியச் சான்றிதழை, பீடம் குறிப்பிட்டிருக்கும் நாட்களுக்குள், குறிப்பிட்டிருக்கும் அலுவலகத்தில் கொடுத்து ஏற்கவைத்திருந்தால், அடுத்த தடவை எழுதுவது முதல் தடவையாகவே எடுக்கப்படும். ஏ எடுத்தால் ஏதான். மாணவர்கள் இதை "ப்ரொப்பர்" என்பார்கள். ஒரு கடதாசி, சில நாள் கெடு. வகுப்போடு பட்டம் வாங்குவதும் வெறும் சித்தியோடு வெளியேறுவதும் சில பேருக்கு இதில்தான் தீர்மானமாகிறது. வீட்டுக்கு வந்த இடத்தில் நோய் வந்தால், பக்கத்துத் தனியார் மருந்தகத்தில் ஒரு துண்டு எழுதி வாங்கிக்கொண்டு போனால் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. யாருடைய சான்றிதழை ஏற்பார்கள் என்பதும் விதியில் எழுதப்பட்டிருக்கும்.

வரவு. பல பீடங்களில் 80 வீதம் கட்டாயம். குறைந்தால் பரீட்சைக்கு உட்கார விடமாட்டார்கள். 15 வார செமெஸ்டரில் வாரம் மூன்று மணி நேரம் நடக்கும் பாடத்தில் மூன்று வாரம் தவறலாம், நான்காவது வாரம் ஆபத்து. யாழ்ப்பாணத்திலோ ஒலுவிலிலோ வந்தாறுமூலையிலோ படிக்கிற நோர்வூட் பிள்ளைக்கு வீட்டுக்கு வந்து போவதே போக ஒரு நாள், வர ஒரு நாள். தீபாவளி, தோட்டத்து மாரியம்மன் திருவிழா, ஒரு துக்க வீடு. மூன்றும் ஒரே செமெஸ்டரில் வந்தால் கணக்கு முடிந்தது. இன்னொரு காரணத்தையும் சொல்ல வேண்டும், இதுதான் மனதை உறுத்துவது. சில பிள்ளைகள் வார நாட்களில் கடையில் நிற்கிறார்கள், டியூஷன் கொடுக்கிறார்கள், அந்தக் காசில் வீட்டுக்கும் அனுப்புகிறார்கள். 2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய்க்கு வந்தது. வேலை கொடுக்கும் நாட்களுக்குத்தான் அதுவும். அந்த வருமானத்தில் ஹொஸ்டல் சாப்பாடு, புத்தகம், பஸ் காசு எல்லாம் எப்படி வரும்? மஹாபொல புலமைப்பரிசிலும் பர்சரியும் இருக்கத்தான் இருக்கின்றன. மஹாபொல 1981இலிருந்து இருக்கிறது. ஆனால் அதற்குக் குடும்ப வருமானம் பற்றிய பத்திரங்களை ஒழுங்காக, நேரத்துக்குக் கொடுக்க வேண்டும். கிராம உத்தியோகத்தரிடம் கையெழுத்து வாங்கத் தோட்டத்திலிருந்து கீழே இறங்கி வந்து, அவர் இல்லாமல் திரும்பிப் போன கதைகள் ஊரெல்லாம் உண்டு. லயத்துக்குத் தனி முகவரி இல்லாததால் கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்குப் போய், அங்கே கிடந்து, நாள் கடந்த பிறகு கைக்கு வருவதும் இன்னும் தீராத பிரச்சினை. விண்ணப்பம் இணையத்துக்கு மாறியதில் இந்த ஒரு கஷ்டமாவது குறைந்திருக்கிறது.

ஆங்கிலம் பற்றிச் சுருக்கமாக. விஞ்ஞானம், பொறியியல், மருத்துவம் என்றால் படிப்பே ஆங்கிலத்தில்தான். கலைப்பீடத்தில் தமிழில் படிக்கலாம் என்று நிம்மதியாகப் போகிறவர்களுக்கும் ஆங்கிலப் பாடம் ஒன்று இருக்கும். பெரும்பாலும் அது ஜி.பி.ஏ.யில் சேராது. சேராததால் தேவையில்லை என்று முதல் வருடம் விட்டுவிடுகிறார்கள். ஆனால் அதில் சித்தியடையாமல் பட்டம் பூர்த்தியாகாது என்று விதி சொல்லும் இடங்களில், கடைசி வருடத்தில் மற்ற எல்லாம் முடித்துவிட்டு அந்த ஒரு பாடத்துக்காகக் காத்திருக்க நேரும். கூடப் படித்தவர்கள் வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருப்பார்கள்.

மூன்று வருடமா, நான்கு வருடமா என்ற கேள்வியும் முதல் வருடத்திலேயே வந்துவிடுகிறது. கலை, விஞ்ஞானப் பீடங்களில் சிறப்புப் பட்டத்துக்கு ஆட்களைத் தெரிவு செய்வது ஆரம்ப வருடப் பெறுபேற்றைப் பார்த்துத்தான். "முதல் வருஷம் சும்மா ஜொலியா இருங்க" என்று சீனியர்மார் சொல்வதைக் கேட்டவர்களுக்கு அந்தக் கதவு சத்தமில்லாமல் மூடிவிடும். வீட்டு நிலைமைக்கு மூன்று வருடத்தில் முடித்துக்கொண்டு வேலைக்கு வருவது அவசியம் என்றால் அதில் ஒரு குறைவும் இல்லை. ஆனால் பல்கலைக்கழகத்திலேயே விரிவுரையாளராக வர ஆசையிருந்தால் வகுப்போடு கூடிய சிறப்புப் பட்டம் வேண்டும். வெளிநாட்டில் மேற்படிப்புக்குப் போகவும் நான்கு வருடப் பட்டம்தான் கைகொடுக்கும். மலையகத்திலிருந்து விரிவுரையாளர்கள் இன்னும் நிறைய வர வேண்டும். நம் பிள்ளை ஒரு பிரச்சினையோடு கதவைத் தட்டும்போது, லயம் என்றால் என்னவென்று விளக்கம் கேட்காத ஒருவர் உள்ளே இருப்பது பெரிய ஆறுதல்.

கடைசிச் செமெஸ்டர் எழுதியதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று பெட்டி கட்டக் கூடாது. நூலகப் புத்தகம், ஹொஸ்டல் நிலுவை, ஆய்வுகூடப் பொருள் எல்லாம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு புத்தகம் திரும்பி வராமல் சான்றிதழ் தாமதமானவர்கள் உண்டு. அதோடு, பட்டத்தை முடிக்க ஓர் உச்சகாலமும் இருக்கிறது. பீடத்துக்குப் பீடம் மாறும். இடையில் குடும்பக் கஷ்டத்தில் நின்றுவிட்டவர்கள், எழுத்தில் விடுப்பு எடுத்திருந்தால், திரும்பிப் போக வழியிருக்கலாம். சொல்லாமல் நின்றவர்களுக்குத்தான் சிக்கல். நின்று இரண்டு வருடமாகிவிட்டதே என்று வெட்கப்பட்டு வீட்டோடு இருக்கிற தம்பி, தங்கச்சி யாராவது இதை வாசித்தால், முதலில் பீடத்தின் உதவிப் பதிவாளரைப் போய்ப் பாருங்கள். அவர் சொல்லும் பதிலைக் கேட்ட பிறகு முடிவெடுங்கள்.

நான் எழுதிய அத்தனையும் ஒவ்வொரு பீடமும் வெளியிடும் கைநூலில் இருக்கிறது. அதில் இருக்கும் எண்ணும் கெடுவும்தான் உங்களுக்குச் செல்லுபடியாகும், பத்திரிகையில் வாசித்தது அல்ல. ஆனால் அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது, சட்ட மொழியில் இருக்கிறது. இளம் வயதில் தனியாக அதை வாசித்துப் பிடிப்பது கஷ்டம்.

ஆகையால் நோர்வூட், டிக்கோயா, பொகவந்தலாவை, மஸ்கெலியாப் பகுதிகளில் ஏற்கெனவே பட்டம் பெற்று ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் இருக்கிற அண்ணன்மாரிடமும் அக்காமாரிடமும் ஒரு வேண்டுகோள். இந்த வருடம் உங்கள் தோட்டத்திலிருந்து யார் கெம்பஸ் போகிறார்கள் என்று விசாரியுங்கள். பதாகைக்குக் காசு கொடுப்பதோடு நிற்காமல், அவர்கள் பீடத்தின் கைநூலை இறக்கி எடுத்து, ஒரு போயா விடுமுறையில் அந்தப் பிள்ளையையும் அம்மா அப்பாவையும் உட்காரவைத்து, வரவு, மெடிக்கல், ரிப்பீட், ஆங்கிலம், பர்சரி என்ற ஐந்து விஷயத்தையும் தமிழில் வாசித்துச் சொல்லுங்கள்.

(அடுத்த வாரம்: இசட் புள்ளி தவறியவர்களுக்கு – திறந்த பல்கலைக்கழகத்தின் ஹட்டன் நிலையம்)