பாறைக்குள் ஓடிய உப்புநீர்

கொல்லிமலை அடிவாரத்துப் புளியஞ்சோலைக்குப் போகிறவர்கள் ஐயாற்றில் குளித்துவிட்டு ஈரம் காயும்வரை உட்காரும் கரும்பச்சைப் பாறைக்கு சார்னோகைட் என்று பெயர். எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும் இந்தக் கல்தான் கொல்லிமலையின் பெரும்பகுதி. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையும் இதே இனம். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் இருபது கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், 700 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பத்தில் வெந்து உருவான பாறை இது.

இதுபோன்ற பாறைகளுக்கும் நம் கைபேசிக்கும் ஒரு தொடர்பு உண்டு. கைபேசி, மின்கார், காற்றாலை ஆகியவற்றுக்கான காந்தங்களில் நியோடைமியம் இருக்கிறது. அது 17 அருமண் தனிமங்களில் ஒன்று. பெயர்தான் அருமண், பூமியில் இவை அப்படியொன்றும் குறைவில்லை. ஓரிடத்தில் சேராமல் சிதறிக் கிடப்பதுதான் சிக்கல். சேர்த்து வைக்கும் வேலையைத் தொடங்குவது பாறையின் இடுக்குகளில் ஊர்ந்து செல்லும் சூடான திரவம்.

அபடைட் என்னும் பாஸ்பேட் கனிமத்தை எடுத்துக்கொள்வோம். அதில் கால்சியத்தின் இடத்தில் அருமண் அணுக்கள் சில அமர்ந்திருக்கும். அவற்றின் மின்னேற்றம் கால்சியத்தைவிட ஒன்று கூடுதல். அந்தக் கணக்கைச் சரிக்கட்ட சோடியமோ சிலிக்கனோ துணைக்கு நிற்கும். திரவம் படிகத்தைக் கரைக்கிறது. கரைந்த இடத்திலேயே புதிய அபடைட் படிகிறது. இதற்கிடையில் சோடியமும் சிலிக்கனும் திரவத்தோடு போய்விடுகின்றன. துணையை இழந்த அருமண் அணுக்கள் பாஸ்பேட்டோடு கூடி, மோனசைட் என்ற தனிக் கனிமத் துணுக்குகளாகின்றன. மோனசைட்டின் எடையில் பாதிக்கு மேல் அருமண் ஆக்சைடுகளே.

இது வெறும் ஊகமல்ல. அபடைட்டையும் அமிலம் கலந்த நீரையும் சூடாக்கி, அழுத்தி, புவியியலாளர் டேனியல் ஹார்லவ் குழுவினர் ஆய்வகத்திலேயே மோனசைட்டை வளர்த்துக் காட்டினர். எட்வர்ட் ஹான்சன் என்ற புவியியலாளரும் ஹார்லவும் சேர்வராயன் வட்டாரப் பாறைகளைப் பற்றி 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். குறைவாக வெந்த வடபகுதியில் அருமண் தனிமங்கள் அல்லனைட் போன்ற கனிமங்களில் இருந்தன. நன்றாக வெந்த தென்பகுதியில் மோனசைட் தலைதூக்கியது. நீர்ச்சத்து குறைந்த திரவங்கள் அங்கே ஊடுருவியதே காரணம் என்பது அவர்கள் வாதம். கரியமில வாயுவும் அடர்ந்த உப்புநீரும் அவ்வகைத் திரவங்கள்.

அதற்காகப் புளியஞ்சோலைப் பாறையை உடைத்து அருமண் எடுத்துவிட முடியாது. துணுக்குகள் அவ்வளவு நுண்ணியவை. பாறை மக்கி, ஆறு அடித்துச் சென்று, கடலலை கனமான மணலைப் பிரித்து ஒதுக்கிய பிறகே மோனசைட் தோண்டத் தகுந்த சரக்காகிறது. அப்படிச் சேர்ந்த மணல் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் இருக்கிறது. 1909இல் அங்கே மோனசைட் கண்டறியப்பட்டது, இன்று ஐ.ஆர்.இ.எல். என்ற மத்திய அரசு நிறுவனம் அந்த மணலைப் பிரித்தெடுக்கிறது.