பந்தயக் காரும் தரை இடைவெளியும்

சுமை ஏற்றும் லாரியைப் பார்த்திருப்பீர்கள். காலியாக நிற்கையில் உயர்ந்திருக்கும் அதன் உடல், மூட்டைகள் ஏற ஏறத் தாழ்ந்துகொண்டே வரும். சக்கரங்களுக்கு மேலுள்ள வில்பட்டைகள் சுமைக்கு ஏற்ப வளைவதே காரணம். லாரி நான்கு விரற்கடை தாழ்ந்தாலும் ஓட்டுநர் கவலைப்படுவதில்லை. ஆனால், ஃபார்முலா ஒன் பந்தயக் காரில் ஓரிரு மில்லிமீட்டர் மாறினாலே வெற்றி கை நழுவிப் போகலாம். ஏன்?

காற்றின் அழுத்தம்

குறுகலான வழியில் பாயும் காற்று வேகமடைகிறது. வேகம் கூடும் இடத்தில் அதன் அழுத்தம் குறைகிறது. இது பெர்னூலியின் தத்துவம். பந்தயக் காரின் அடித்தளமும் தரையும் சேர்ந்து இத்தகைய குறுகிய வழியை உண்டாக்குகின்றன. காரின் கீழே அழுத்தம் குறைவதால், மேலேயுள்ள காற்று அதைத் தரையோடு அழுத்துகிறது. டயர்கள் சாலையை இறுகப் பற்றுகின்றன; வளைவுகளில் வேகமாகத் திரும்ப முடிகிறது. இம்முறையைக் கையாண்ட லோட்டஸ் காரில்தான் மாரியோ ஆண்ட்ரெட்டி 1978இல் உலகச் சாம்பியன் ஆனார்.

தரை இடைவெளி அதிகமானால் இந்த உறிஞ்சு விசை குறையும். மிகவும் குறைந்துவிட்டாலோ, காற்றோட்டம் தடைப்பட்டு விசை திடீரென அற்றுப்போகும். இரண்டுக்கும் நடுவே உள்ள சரியான உயரத்தில் காரை வைத்திருப்பதே பொறியாளரின் வேலை.

உயரம் ஏன் மாறுகிறது?

காற்றின் அழுத்து விசை, வேகத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அது 100 கிலோ எடைக்குச் சமம் என்று கொள்வோம். 300 கிலோமீட்டர் வேகத்தில் அது 900 கிலோ ஆகிவிடும். காரின் எல்லா வில்களும் சேர்ந்து 60 கிலோவுக்கு ஒரு மில்லிமீட்டர் அமுங்கும் எனில், முதல் நிலையில் கார் ஏறத்தாழ 2 மில்லிமீட்டரும் இரண்டாம் நிலையில் 15 மில்லிமீட்டரும் தாழும்.

பிரேக் போட்டால் மூக்கு தாழ்ந்து, பின்பக்கம் எழும். எரிபொருள் தீரத் தீரக் கார் உயரும். 2025 வரை இருந்த விதிப்படி 110 கிலோ எரிபொருள் கொண்டுசெல்லலாம். மேற்கண்ட கணக்கில் அது தீர்ந்தால் கார் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் எழும்பும். டயர்களில் உள்ள காற்று சூடேறி விரிவதாலும் உயரம் சற்று மாறும்.

இரு எசமானர்களின் ஊழியன்

அப்படியானால் வில்லை மிகக் கடினமாக அமைத்துவிட்டால் என்ன? மேடு பள்ளங்களில் சக்கரம் துள்ளும்; துள்ளும் சக்கரத்துக்குப் பிடிப்பு இல்லை. சாலை மென்மையான வில்லைக் கேட்கிறது. காற்றோ கடினமான வில்லைக் கேட்கிறது!

இதற்கு ஒரு தீர்வு மூன்றாவது வில். இடது, வலது சக்கரங்களுக்கு இடையே இதைப் பொருத்துவார்கள். காற்றின் விசை காரை நேராக அழுத்தும்போது இரு சக்கரங்களும் உடலை நோக்கி ஒன்றாக எழும். அப்போது இவ்வில் அமுங்கித் தாங்கும். வளைவில் ஒரு சக்கரம் எழ, மற்றது இறங்கினால் இது சும்மா இருக்கும். ஆகவே மற்ற வில்களைச் சற்று மென்மையாக அமைக்கலாம்.

வேறு வழிகளும் முயலப்பட்டன. 1981இல் தரை இடைவெளி 6 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. ஆனால் நிற்கும் காரில்தானே அளக்க முடியும்? பிரபாம் நிறுவனம், ஓடும்போது தாழ்ந்து, வேகம் குறைந்ததும் எழும் அமைப்பைச் செய்தது. 1992இல் வில்லியம்ஸ் கார், கணினியின் கட்டளைப்படி எண்ணெய் அழுத்தத்தால் தன் உயரத்தைத் தானே காத்துக்கொண்டது. அவ்வாண்டு நைஜல் மான்செல் அதில் சாம்பியன் ஆனார். 1994இல் அம்முறை தடைசெய்யப்பட்டது.

துள்ளலும் பலகையும்

2022இல் புதிய விதிகளால் அடித்தள உறிஞ்சல் மீண்டும் முதன்மை பெற்றது. வேகத்தில் கார் தாழும். இடைவெளி மிகக் குறுகி உறிஞ்சல் அறும். வில்கள் காரை மேலே தள்ளும். உடனே உறிஞ்சல் திரும்பும். நேர்ச்சாலையில் கார்கள் நொடிக்குப் பலமுறை இப்படித் துள்ளின. பாக்கு நகரப் பந்தயம் முடிந்தபோது லூயிஸ் ஹாமில்டன் முதுகு வலியால் காரிலிருந்து இறங்கவே அவதிப்பட்டார். ஓட்டுநர்களின் உடல்நலம் கருதி, 2023 முதல் அடித்தளத்தின் ஓரங்களை 15 மில்லிமீட்டர் உயர்த்த விதி செய்யப்பட்டது.

அளவுக்கு மீறித் தாழ்வதைக் கண்டுபிடிக்க எளிய சாதனம் ஒன்று உண்டு. 1994 முதல் காரின் அடியில் 10 மில்லிமீட்டர் தடிப்புள்ள பலகை பொருத்தப்படுகிறது. தரையில் உரசி அது 9 மில்லிமீட்டருக்கும் கீழே தேய்ந்தால் தகுதி நீக்கம்தான். 2025 லாஸ் வேகாஸ் பந்தயத்தில் இரண்டாவதாகவும் நான்காவதாகவும் வந்த மெக்லாரன் கார்கள் இரண்டும் இவ்வாறே நீக்கப்பட்டன. மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் காரின் வெற்றியை, கடைசியில் ஒரு மில்லிமீட்டர் தேய்மானமே முடிவு செய்கிறது.