கிலோவுக்கு எத்தனை அத்தியாயம்?

தாம்பரத்தை அடுத்த முடிச்சூரின் உள்தெருக்களில் மூன்று சக்கர வண்டியோடு வரும் பழைய பேப்பர்காரரிடம் இரண்டு விலை உண்டு. தினசரித் தாளுக்கு ஒன்று, புத்தகத்துக்கு அதைவிடக் குறைவாக ஒன்று. ஏன் என்று கேட்டால், "புக்குன்னா அட்டை, பசை, தையல் எல்லாம் இருக்கும்க்கா, மில்லுல கழிச்சிடுவாங்க" என்பார். அவர் தராசில் நேற்றைய செய்தித்தாளின் மதிப்பு தி. ஜானகிராமனைவிடக் கூடுதல். இதில் கோபப்பட ஒன்றுமில்லை, அவர் வாங்குவது கூழ். ஆனால் கிலோ 10 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டு வீட்டு அலமாரிக்குக் கணக்கு எழுதிப் பாருங்கள். பழைய புத்தகங்களைப் பற்றி வாசகர்கள் உண்மையில் என்ன நினைக்கிறார்கள் என்பது பேட்டி எடுத்துக் கேட்பதைவிடத் தெளிவாகத் தெரியும். வாயால் சொல்லும்போது எல்லாப் பழைய புத்தகமும் 'அருமை'தான். காசும் இடமும் நேரமும் எதற்குப் போகின்றன என்று பார்த்தால்தான் அபிப்பிராயம் பிடிபடும்.

கல்கியின் 'பொன்னியின் செல்வ'னிலிருந்தே தொடங்கலாம். ஐந்து பாகங்கள், அத்தியாயங்கள் முறையே 57, 53, 46, 46, 91. மொத்தம் 293. டெம்மி அளவில் ஏறக்குறைய 2,400 பக்கம், அதாவது 1,200 தாள். 60 ஜி.எஸ்.எம். தாளில் அச்சிட்டால் தாளின் எடை மட்டும் 2.2 கிலோவை ஒட்டி வரும். எடைக்குப் போட்டால் 22 ரூபாய். கிலோவுக்கு 133 அத்தியாயம், அத்தியாயத்துக்கு ஏழரைக் காசு. அதையே புதிதாக வாங்க மலிவுப் பதிப்புக்கு 500 ரூபாய் கொடுத்தால் அத்தியாயம் 1 ரூபாய் 70 காசு. கெட்டி அட்டை, மணியம் ஓவியம், வழவழத் தாள் என்று 2,000 ரூபாய்ப் பதிப்புக்குப் போனால் 6 ரூபாய் 80 காசு. வாசலில் ஏழரைக் காசுக்குப் போகும் சரக்கை 90 மடங்கு விலை கொடுத்து வாங்க இன்றும் ஆள் இருக்கிறார்கள் என்றால், அதற்கு மேல் என்ன மதிப்புரை வேண்டும்?

நேரக் கணக்கு இன்னும் சுவாரசியம். மணிக்கு 30 பக்கம் என்றால் 80 மணி நேரம். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிக் கடற்கரையில் இறங்க ஏறக்குறைய ஒரு மணி. போக வர இரண்டு மணி நேரமும் படித்தால் 40 வேலை நாளில் முடியும். உட்கார இடம் கிடைத்தால், என்பதைச் சேர்த்துக்கொள்ளவும்.

முதலில் படித்தவர்களுக்கு இந்த வசதி இல்லை. 1950 அக்டோபர் 29 தொடங்கி 1954 மே 16 வரை, ஏறக்குறைய 185 வாரம் 'கல்கி' இதழில் வந்த தொடர் அது. சராசரியாக வாரத்துக்கு ஒன்றரை அத்தியாயம். மூன்றரை வருடம் பொறுத்திருந்த அந்த வாசகர்கள் கடைசியில் சொன்ன குறை என்ன தெரியுமா? கதையைச் சட்டென்று முடித்துவிட்டீர்களே என்பது! அதற்குப் பதில் சொல்ல, பாத்திரங்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்றெல்லாம் விளக்கிக் கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுத வேண்டிவந்தது. இன்று மொத்தமாக வாங்கிப் படிக்கிறவர்கள் அதற்கு நேர் எதிராகச் சொல்கிறார்கள்: முதல் பாகம் பறக்கிறது, ஐந்தாம் பாகம் இழுக்கிறது. 293-இல் 91, அதாவது 31 சதவீதம், கடைசிப் பாகத்தில் இருக்கும்போது அப்படித் தோன்றுவது நியாயம்தான். இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. வாரம் ஒன்றரை அத்தியாயம் என்ற அளவில் ஊற்றியதை ஒரே மூச்சில் குடித்தால் புரையேறும். 2022-லும் 2023-லும் படம் இரண்டு பாகமாக வந்த பிறகு புத்தகத்தைக் கையிலெடுத்தவர்கள் முடிவு தெரிந்தே படித்தார்கள். அவர்களுக்கு இழுவை இன்னும் கூடுதலாகத் தெரிந்திருக்கும்.

பரிசுக் கணக்கைப் பக்கத்தில் வைத்தால் வேறொரு வேடிக்கை. கல்கிக்குச் சாகித்திய அகாடமி விருது வந்தது அவர் இறந்த பிறகு, 1956-இல். 'பொன்னியின் செல்வ'னுக்கு அல்ல, 'அலை ஓசை'க்கு. அப்போது பரிசுத் தொகை 5,000 ரூபாய். சி.சு. செல்லப்பாவுக்கும் இறந்த பின்புதான், 2001-இல், 'சுதந்திர தாகம்' நாவலுக்கு. தொகை 40,000 ஆகியிருந்தது. அது மூன்று பாகம். ஆனால் செல்லப்பா என்றதும் வாசகர் கை போவது ஒரு மாலையில் படித்து முடிக்கக்கூடிய 'வாடிவாசல்' பக்கம். ஜல்லிக்கட்டுத் திடலில் ஓர் அந்திப்பொழுது, ஒரு காளை, ஒரு பழி, அவ்வளவுதான் கதை. அலமாரியில் விரல் அகலம்கூட அடைக்காத புத்தகம் அது. இருவர் விஷயத்திலும் நடுவர்கள் ஒன்றைக் காட்டினார்கள், ஜனங்கள் வேறொன்றை எடுத்துக்கொண்டார்கள். என் ஓட்டு ஜனங்கள் பக்கம். 'அலை ஓசை'யை ஒருமுறை படித்தவர் இரண்டாம் முறை எடுப்பது அபூர்வம். இரண்டு தரப்பும் ஒரே புத்தகத்தில் சந்தித்ததும் உண்டு: 1972-இல் ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'.

செல்லப்பா பெயர் வந்துவிட்டதால் இன்னொரு கணக்கையும் போட்டுவிடலாம். 1959 ஜனவரியில் அவர் தொடங்கிய 'எழுத்து' 1970 வரை 119 இதழ் வந்தது. 2,000 பிரதிக்கு மேல் போடப்போவதில்லை என்று ஆரம்பத்திலேயே அறிவித்துவிட்ட பத்திரிகை. ஒவ்வொரு இதழும் அந்த வரம்பைத் தொட்டது என்றே வைத்துக்கொண்டாலும் மொத்தம் 2,38,000 பிரதி. 'பொன்னியின் செல்வன்' ஓடிய காலத்தில் 'கல்கி'யின் வார விற்பனை 71,000-ஐத் தாண்டியது என்பார்கள். அப்படியானால் 'எழுத்து' தன் ஆயுளெல்லாம் அச்சிட்டிருக்கக்கூடிய மொத்தப் பிரதிகள் கல்கியின் மூன்றரை வார விற்பனைக்குள் அடங்கிவிடும். ஆனாலும் தமிழில் புதுக்கவிதை என்று இன்று எதையெல்லாம் படிக்கிறோமோ, அதில் பெரும்பகுதிக்கு நாற்றங்கால் அந்த 119 இதழ்கள். பிரதி எண்ணிக்கையை மட்டும் நம்பினால் இந்த வரவு பேரேட்டில் ஏறாது.

எதிர்த் திசையிலும் உதாரணம் உண்டு. வை.மு. கோதைநாயகி அம்மாள் எழுதியவை 115 நாவல்கள். ஒன்று 250 கிராம் என்றால் ஏறக்குறைய 29 கிலோ. ஒரு காலத்தில் வீட்டுப் பெண்களின் கையில் அப்படிப் புழங்கியவற்றில் ஒன்றையாவது இன்று ஒரு சாதாரண புத்தகக் கடையில் கேட்டு வாங்கிப் பாருங்கள். 26 வயதில் இறந்துபோன பி.ஆர். ராஜமய்யர் தமிழில் எழுதி முடித்த நாவல் ஒன்றே ஒன்று. 1893 முதல் 'விவேக சிந்தாமணி'யில் வந்த 'கமலாம்பாள் சரித்திரம்' இன்னும் அச்சில் இருக்கிறது. உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' விஷயத்தில் வாசகர் சொல்லும் குறை வேறு. 1940 ஜனவரியில் 'ஆனந்த விகட'னில் தொடங்கி 122 அத்தியாயம் வந்தது. 1942-இல் அவர் மறைந்தார். ஆயுள் 87 வருடம், எழுதியது ஏறக்குறைய 44 வயது வரை. பாக்கி எங்கே என்று கேட்கிறவர்கள் கி.வா.ஜ.வின் 'என் ஆசிரியப்பிரா'னுக்குத்தான் போகவேண்டும்.

இனி இடத்துக்கான செலவு. மூன்றடி அகலம், ஓரடி ஆழம், ஆறு தட்டு உள்ள அலமாரி தரையில் 3 சதுர அடி பிடிக்கும். சதுர அடி 5,000 ரூபாய் என்று அடக்கமாக வைத்தால் அந்த மூலையின் விலை 15,000. ஒரு புத்தகம் சராசரி இரண்டரை செ.மீ. தடிமன் என்றால் தட்டுக்கு 36, மொத்தம் 216. ஆக, ஒரு புத்தகம் நம் வீட்டில் குடியிருக்க ஏறக்குறைய 70 ரூபாய் முதலீடு. 13 செ.மீ. அடைக்கும் 'பொன்னியின் செல்வன்' 360 ரூபாய் சாப்பிடுகிறது. எடைக்குப் போட்டால் 22 ரூபாய் வரும் பொருளுக்கு 360 ரூபாய் இடம் என்பதை எந்த ஆடிட்டரும் ஒத்துக்கொள்ளமாட்டார்.

முடிச்சூரில் இந்தக் கணக்கோடு உயரத்தையும் சேர்க்கவேண்டும். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 செ.மீ. ஒரு கிரவுண்டு மனைமேல், அதாவது 2,400 சதுர அடியில் விழுந்தது மட்டும் 1,09,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி என்றால் ஒன்பது லாரி. அடையாறு தன் பங்குக்குக் கொண்டுவந்தது தனி. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தரைத்தளங்கள் மூழ்கின, ஜனங்களைப் படகில் ஏற்றினார்கள். தண்ணீர் புகுந்த அலமாரியில் புத்தகம் என்ன ஆகும் என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நெருக்கி அடுக்கிய வரிசை ஊறி வீங்கி, பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஆப்பு அடித்ததுபோல இறுகிவிடும். ஒன்றை உருவினால் முதுகட்டை மட்டும் கையோடு வரும். இதில் ஒரு விசித்திரம், மலிவுப் பதிப்புதான் பிழைக்கும். சாணித்தாள் என்று நாம் இளக்காரம் செய்யும் தாள் மின்விசிறிக் காற்றில், இடையிடையே செய்தித்தாள் கொடுத்து உலர்த்தினால், நெளிந்து பழுத்தாலும் பக்கம் பக்கமாகப் பிரியும். வழவழப்புக்காகப் பூச்சுக் கொடுத்த ஆர்ட் தாள் அப்படியே உலர்ந்தால் ஒட்டிச் செங்கல்லாகிவிடும். 2,000 ரூபாய்ப் பதிப்பு போய்விடும், 500 ரூபாய்ப் பதிப்பு மிஞ்சும்.

அதற்குப் பிறகு எந்தப் புத்தகம் எந்தத் தட்டில் என்பதே ஒரு விமர்சனமாகிவிட்டது. கீழ்த்தட்டில் வருவன போட்டித் தேர்வு வழிகாட்டிகள், கல்யாணத்தில் அன்பளிப்பாக வந்தவை, ஆசிரியரே கையெழுத்துப் போட்டுத் தலையில் கட்டியவை. தலைக்கு மேல் உயரத்தில் தி.ஜா., புதுமைப்பித்தன், வார இதழ்களிலிருந்து கிழித்துச் சேர்த்த பைண்டுத் தொடர்கள். பைண்டுப் புத்தகம் போனால் போனதுதான், திரும்ப வாங்க முடியாது. மற்றவற்றைத் திரும்ப வாங்கும் செலவைப் பதிப்புரிமையும் தீர்மானிக்கிறது. சட்டப்படி ஆசிரியர் இறந்த பின் 60 ஆண்டு. கல்கியும் புதுமைப்பித்தனும் அந்தக் கெடு வருமுன்பே நாட்டுடைமையானவர்கள். யாரும் அச்சிடலாம், போட்டியில் விலை இறங்கும். தி.ஜா. 1982-இல் இறந்தவர், 2042 முடியும்வரை உரிமை உண்டு. சாண்டில்யனுக்கு 2047 வரை, ஜெயகாந்தனுக்கு 2075 வரை. நாட்டுடைமையானதில் பிழை மலிந்த பதிப்புகளும் வந்தன என்பது வாசகர்களின் நியாயமான புகார். வாங்குமுன் நாலு பக்கம் புரட்டி ஒற்றெழுத்தைப் பாருங்கள்.

இவ்வளவு செலவும் இல்லாமல் பழைய புத்தகத்தைப் பற்றி ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஓர் இடம் கிளை நூலகம். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டிய தேதிச் சீட்டைப் பாருங்கள். முத்திரைகள் நெருக்கமாக விழுந்திருந்தால் புத்தகம் ஓடுகிறது, 1998-க்கு அடுத்து 2011 என்றால் தூங்குகிறது. தலைப்புப் பக்கத்தில் பால்பாயிண்டில் தீர்ப்பும் இருக்கும்: 'கதை சூப்பர்', கீழே வேறொரு கையெழுத்தில் 'சுத்த அறுவை', அதற்கும் கீழே 'உனக்குப் புரியாவிட்டால் படிக்காதே'. எழுதக்கூடாதுதான். ஆனாலும் பத்திரிகை மதிப்புரைகளைவிட நேர்மையானவை.

அந்த நூலகத்துக்கு நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். வீட்டு வரியோடு நூலக வரி 10 சதவீதம் சேர்கிறது. வருடத்துக்கு வரி 1,000 ரூபாய் என்றால் நூலகத்துக்கு 100. வருடம் 100 ரூபாய் கட்டிவிட்டு உறுப்பினராகாமல் இருக்கிற வீடுகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. இந்த அரையாண்டு வரி ரசீதை எடுத்து அந்த ஒரு வரியைப் பாருங்கள். பிறகு உங்கள் பகுதி நூலகத்துக்குப் போய் உறுப்பினராகுங்கள். தேதிச் சீட்டில் முத்திரை விழாமல் கிடக்கும் ஒரு பழைய நாவலை உங்கள் பெயரில் எடுத்து, முழுசாகப் படித்துவிட்டு, நன்றாக இல்லை என்றால் நன்றாக இல்லை என்றே நூலகரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.