பூச்சியம் காத்த பூட்டு

பூனாகலையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “வைஃபைக்கு நீளமான கடவுச்சொல் வைத்திருக்கிறோம். அப்படியும் பக்கத்து லயத்துப் பொடியன்கள் எங்கள் டேட்டாவை எடுக்க முடியுமா?” ரவுட்டர் பழையதென்றால் முடியும். கடவுச்சொல்லை ஊகிக்கவே வேண்டியதில்லை.

பல ரவுட்டர்களில் டபிள்யூ.பி.எஸ். என்றொரு பொத்தானும், அடியில் ஒட்டிய தாளில் எட்டு இலக்க எண்ணும் இருக்கும். அந்த எண்ணைச் சொன்னால் ரவுட்டர் கடவுச்சொல்லைத் தானே கொடுத்துவிடும். எட்டு இலக்கம் என்றதும் 10 கோடி முயற்சி தேவை என்று தோன்றும். ஆனால் எண்ணை இரண்டு பாதியாகவே சரிபார்க்கிறது. கடைசி இலக்கமோ மற்ற ஏழிலிருந்து கணக்கிடப்படுவது. ஆகவே 11,000 முயற்சி போதும். 2011இல் இது வெளிவந்தபின், பலமுறை தவறினால் ரவுட்டர் பூட்டிக்கொள்ளும்படி செய்தார்கள்.

அதற்கடுத்த கதைதான் விசித்திரம். இணைப்பின்போது எண்ணின் ஒவ்வொரு பாதியையும் ரவுட்டர் ஓர் இரகசிய எண்ணோடு கலந்து, குறியாக்கி அனுப்பும். அந்த இரகசிய எண் ஒவ்வொரு தடவையும் புதிதாக, எவரும் ஊகிக்க முடியாததாக இருக்க வேண்டும். 2014இல் டொமினிக் பொங்கார்ட் என்ற ஆய்வாளர் பார்த்தபோது, ரேலிங்க் சில்லுகள் சிலவற்றில் அது எப்போதும் வெறும் பூச்சியம்! பிராட்காம் சில்லுகள் சிலவற்றில் இலகுவாகக் கணிக்கக்கூடிய எண். சீட்டுப் பிடிக்கும் அக்கா டப்பாவைக் குலுக்காமல், மேலே கிடந்த துண்டையே மாதாமாதம் எடுத்ததுபோல. இரகசியம் தெரிந்துவிட்டால், வந்த குறியை வைத்துக்கொண்டு திருட வருபவர் 11,000 எண்களையும் தன் கணினியிலேயே சோதித்துவிடலாம். சில நொடி வேலை. ரவுட்டரின் பூட்டுக்கு இது தெரியவே தெரியாது.

கணினிக்குக் குருட்டுவாக்கில் எண் சொல்ல வராது. மேசைக்கணினி நாம் விசை தட்டும் நேர இடைவெளிகளிலிருந்தாவது ஊகிக்க முடியாத எண்ணைப் பொறுக்கிக்கொள்ளும். ரவுட்டருக்கு விசைப்பலகை இல்லை. ஆனால் அன்டெனா இருக்கிறதே! காற்றில் வரும் இரைச்சலுக்கு ஒழுங்கே கிடையாது. ஈ.எஸ்.பி.32 போன்ற சில்லுகள் அந்த இரைச்சலைத்தான் எண்ணாக்குகின்றன. வழியிருந்தும் பூச்சியத்தை அனுப்பியது அலட்சியம் அன்றி வேறென்ன?

விற்றவர்கள் மறந்துபோன பெட்டிகள் நம் வீடுகளில் இன்னும் ஓடுகின்றன. மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும் என்று கடைக்காரரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. இன்றே ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து டபிள்யூ.பி.எஸ்.ஸை நிறுத்துங்கள், புதிய மென்பொருள் இருந்தால் ஏற்றுங்கள். நிறுத்த வழியில்லாத பெட்டி இலவசமாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.