மீனின் கண்ணுக்குத் தெரியும் தூண்டில்காரர்

பீளமேட்டிலிருந்து தெற்கே போனால் சிங்காநல்லூர்க் குளம் வரும். வெள்ளியங்கிரி மலைப்பக்கம் தோன்றும் நொய்யலாற்றின் நீரைத் தேக்கும் குளங்களுள் இதுவும் ஒன்று. நம் வட்டாரக் குளக்கரைகளில் தூண்டில் போடுகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பழகியவர் நீரோரத்தில் நிற்பதில்லை. சற்றுத் தள்ளிக் குந்தியிருப்பார். இதற்குக் காரணம் ஒளி விலகல்.

நீரின் ஒளி விலகல் எண் 1.33. ஆகவே, மேலிருந்து வரும் ஒளி எந்தக் கோணத்தில் விழுந்தாலும், நீருக்குள் செங்குத்துக் கோட்டிலிருந்து ஏறத்தாழ 49 பாகைக்குள்ளேயே ஒடுங்கிவிடுகிறது. 1 மீட்டர் ஆழத்தில் நிற்கும் ஒரு கெண்டை மேலே பார்த்தால், ஏறத்தாழ 2.3 மீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டச் சாளரம் தெரியும். வானமும் கரையும் மரமும் அதற்குள்தான். வட்டத்துக்கு வெளியே முழு அகப் பிரதிபலிப்பு நிகழ்வதால், நீர்மட்டம் கண்ணாடிபோல் குளத்தின் அடித்தரையையே காட்டும்.

சாளரத்தின் விளிம்பில் காட்சி மிகவும் நசுங்கிவிடும். நீர்மட்டத்துக்கு மேல் 10 பாகை உயரம் வரை உள்ளவையெல்லாம் அங்கே சுமார் 1 பாகைக்குள் அடங்கிவிடுகின்றன. சாய்வாக வரும் ஒளியில் பெரும்பங்கு நீர்ப்பரப்பில் பட்டு மேலேயே திரும்பிவிடுவதால் அவை மங்கலாகவும் இருக்கும். மீனின் சாளரத்துக்கு 5 மீட்டர் தள்ளி, தலை 85 செ.மீ. உயரத்தில் இருக்கக் குந்துகிறவர் இந்த நசுங்கிய பகுதிக்குள் மறைந்துவிடுகிறார். எழுந்து நின்றால் மாட்டிக்கொள்வார்!

இதே விலகல் கரையிலிருக்கும் நம்மையும் ஏமாற்றுகிறது, இது விளையாட்டல்ல. நேர் மேலிருந்து பார்த்தால் ஆழம் முக்கால் பங்காகவே தோன்றும். 120 செ.மீ. என்று தோன்றும் நீர் உண்மையில் 160 செ.மீ. உங்களில் பலருக்கு அது மார்பளவு அன்று, தலைக்கு மேல். கரையிலிருந்து சாய்வாகப் பார்க்கும்போது ஆழம் இன்னும் குறைவாகத் தெரியும். போதாததற்கு, மண் அள்ளிய குளங்களில் திடீர்ப் பள்ளங்கள் உண்டு. சிக்கிய தூண்டில் முள்ளை எடுக்கவென்று ஒருபோதும் இறங்காதீர்கள். முள் போனால் போகட்டும்.

பேசினால் மீன் ஓடிவிடும் என்று பெரியவர்கள் அதட்டுவார்கள். பேச்சொலியின் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் காற்றிலிருந்து நீருக்குள் நுழைகிறது. மற்றதெல்லாம் நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். ஆனால், காலைத் தரையில் தட்டினால் அந்த அதிர்வு மண் வழியே நேராக நீரை அடையும். மீனின் உடலில் இருபுறமும் ஓடும் பக்கக்கோடு அருகிலுள்ள நீரின் சிறு அசைவையும் உணரக்கூடியது. கலங்கிய குளத்தில் சாளரமாவது வட்டமாவது! அங்கே கெளுத்தி இந்தப் பக்கக்கோட்டையும் தன் மீசையையும் கொண்டே இரை தேடுகிறது. ஆதலால் மெல்லப் பேசிக்கொண்டிருக்கலாம். காலை மட்டும் ஆட்டாதீர்கள்.