வீட்டை விற்கும் முன்

'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார்' என்பது பழமொழி. கட்டிய வீட்டை விற்றுப்பார் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. விற்பது கட்டுவதை விட எளிது என்று எண்ணினார்கள் போலும். ஆனால் ஜவ்வாது மலை அடிவாரத்தில், வேலூரிலிருந்து ஆரணி செல்லும் சாலையில் உள்ள எங்கள் கணியம்பாடியில் சில வீடுகள் கைமாறியதைப் பார்த்த பிறகு, விற்பதும் ஒரு கலையே என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

நடுத்தரக் குடும்பத்துக்கு வீடுதான் பெருஞ்செல்வம். அதை வாழ்நாளில் ஒருமுறை விற்பதே அரிது. அதுவும் மகளின் திருமணம், மருத்துவச் செலவு என்று ஏதேனும் நெருக்கடி வந்த பிறகே விற்கிறோம். அவசரமும் அனுபவமின்மையும் சேர்ந்தால் விலை குறையாமல் என்ன செய்யும்?

வெள்ளையடித்தால் போதுமா?

விற்பனைக்கு முன் வீட்டை ஒழுங்குபடுத்திக் காட்டுவதை அமெரிக்காவில் தனித் தொழிலாகவே செய்கிறார்கள். நாடக மேடையை அமைப்பது போல் அறைகளை அமைப்பதால், அதற்கு மேடையேற்றுதல் என்ற பொருளிலேயே பெயரிட்டிருக்கிறார்கள். பார்ப் ஷ்வார்ஸ் என்ற பெண்மணி 1970-களில் இதற்கு வழிகாட்டியவர் என்பர். நமக்கு இது முற்றிலும் புதிதன்று. போகிக்கு முன் பழையன கழித்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, வாசலில் கோலமிடும் வழக்கம் நம்முடையது. பொங்கலுக்குச் செய்வதை விற்பனைக்கும் செய்ய வேண்டும், அவ்வளவே.

முதலில் செய்ய வேண்டியது காலி செய்தல். பரணில் கிடக்கும் ஓட்டை அண்டா, உடைந்த கட்டில், பழைய நெல் மூட்டை ஆகியவற்றை அகற்றினாலே அறை பெரிதாகத் தெரியும். ஓட்டு வீடாயின் ஓரிரு ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு பதித்தால், இருண்ட சமையலறைக்கும் வெளிச்சம் வந்துவிடும். ஒழுகும் குழாய், தொங்கும் மின்கம்பி, சாத்த முடியாத கதவு ஆகியவற்றைச் சீர்செய்வதற்குச் செலவு சொற்பம். இவற்றைப் பார்த்தால்தான் வாங்க வருபவர், "கண்ணுக்குத் தெரிவதே இப்படியென்றால் தெரியாதது எப்படியோ" என்று தயங்குவார். ஆனால் புதிய தரைக்கல், புதிய அடுப்பு மேடை என்று பெருஞ்செலவு செய்யத் தேவையில்லை. அவற்றை வாங்குபவர் தம் விருப்பப்படி மாற்றிக்கொள்வார்.

பீரோவுக்குப் பின்னே

எங்கள் தாத்தா கட்டிய ஓட்டு வீட்டை விற்கத் தீர்மானித்தபோது நடந்ததைச் சொல்கிறேன். நடுக்கூடத்துச் சுவர் ஒன்றில் ஈரம் ஏறி, உப்புப் பூத்து, சாயம் செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தது. தரகர், "அதன் முன் பீரோவை நகர்த்தி வையுங்கள்" என்றார். பெரியப்பாவும் அப்படியே செய்தார். பார்க்க வந்த ஆசிரியர் ஒருவர் வீடு முழுவதையும் பார்த்துவிட்டு, "கூடத்தின் நடுவில் பீரோ எதற்கு?" என்று கேட்டார். நகர்த்திப் பார்த்தவர் ஒன்றும் பேசவில்லை. மறுபடி வரவும் இல்லை. ஈரச் சுவருக்காக அவர் விலையைக் குறைத்துக் கேட்டிருக்கலாம். மறைத்த மனிதரை நம்ப அவருக்கு மனம் வரவில்லை.

சுவரில் ஈரம் வருவதற்குக் காரணம் உண்டு. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்ட பழைய சுவர் மண்ணிலிருந்து நீரை உறிஞ்சி, மேற்பரப்பின் வழியே காற்றில் விட்டுவிடும். அதன் மேல் சிமெண்டு பூசி, நீர் புகாத வண்ணமும் அடித்துவிட்டால் ஈரம் வெளியேற வழியின்றித் தங்குகிறது. நீரில் கரைந்து வந்த உப்பு பூச்சுக்கு அடியில் படிந்து அதைப் பெயர்த்துத் தள்ளுகிறது. ஆகவே மேலும் மேலும் வண்ணம் அடிப்பது வீண். கூரைத் தண்ணீர் சுவரடியில் தேங்காமல் வாய்க்கால் வெட்டி, சிமெண்டுப் பூச்சைச் சுரண்டி, சுவரை உலரவிட்டுச் சுண்ணாம்பு பூசுவதே முறை. பிறகு நாங்கள் அதைத்தான் செய்தோம். அடுத்து வந்தவரிடம், "இந்தச் சுவரில் ஈரம் இருந்தது, இன்ன வேலை செய்திருக்கிறோம்" என்று சொல்லியே காட்டினோம்.

இது வெறும் நல்லொழுக்கம் மட்டுமன்று, சட்டமும் ஆகும். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-ஆவது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. சொத்திலோ உரிமையிலோ உள்ள முக்கியமான குறை விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமலும், சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் புலப்படாமலும் இருந்தால், அதை வெளிப்படுத்துவது விற்பவரின் கடமை.

காகிதங்களும் கையெழுத்துகளும்

சுவரை விடக் காகிதங்களில்தான் விரிசல் அதிகம். மூலப்பத்திரம், பட்டா, வீட்டு வரி ரசீது, மின்கட்டண ரசீது, வில்லங்கச் சான்று ஆகியவற்றை விளம்பரம் செய்வதற்கு முன்பே திரட்டி வைக்க வேண்டும். வங்கிக் கடனில் வாங்குபவராயின், வங்கியின் வழக்கறிஞர் பொதுவாக முப்பது ஆண்டு வில்லங்கம் கேட்பார். பட்டா இறந்துபோன தாத்தா பெயரிலேயே இருப்பது ஊரில் சகஜம். வாரிசுச் சான்று பெற்று அதை மாற்றவே பல வாரங்கள் பிடிக்கும்.

எங்கள் வீட்டிலும் இதுதான் பெரிய சிக்கலாயிற்று. தாத்தா சுயமாகச் சம்பாதித்துக் கட்டியது அவ்வீடு, உயில் எழுதவில்லை. "தங்கைகளுக்குச் சீர் செய்து கட்டிக் கொடுத்தாயிற்று, அவர்களுக்கு இதில் என்ன?" என்றார் பெரியப்பா. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயிலின்றி இறந்தவரின் சுயார்ஜித சொத்தில் மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சமபங்கு உண்டு. சீர் செய்ததால் அது அழிவதில்லை. ஆகவே பாட்டி, பெரியப்பா, அப்பா, இரண்டு அத்தைமார் என ஐந்து பங்கு. பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமையை, 1989-இல் சில வரம்புகளோடு தமிழ்நாடும், 2005-இல் நாடு முழுமைக்கும் மத்திய அரசும் சட்டமாக்கின.

வாங்க வந்தவரின் வழக்கறிஞர் கேட்ட முதல் கேள்வியே, "சகோதரிகள் கையெழுத்திடுவார்களா?" என்பதுதான். பெரியப்பா அத்தைமார் வீட்டுக்கு நேரில் சென்று பேசினார். "பங்கை விட, எங்களைக் கேட்டாயே, அதுவே பெரிது" என்றார் பெரிய அத்தை. ஆயினும் பங்குப் பணமும் அவரவருக்குப் போய்ச் சேர்ந்தது. பாட்டியின் பங்கு அவர் பெயரிலேயே வங்கியில் வைக்கப்பட்டது. வீடு போன பிறகு அவருக்கு அதுவே ஆதரவு.

வாங்குபவரின் கணக்கு

விலை பேசும்போது வாங்குபவரின் சுமையையும் எண்ண வேண்டும். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு. பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரல் முதல் 2 விழுக்காடு. இருபது இலட்சம் என்று பத்திரம் பதிந்தால், அவர் கையிலிருந்து மேலும் 1,80,000 ரூபாய் போகும். முன்பணமாயினும் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை 2015 முதல் வருமான வரிச் சட்டம் தடுத்துள்ளது. வங்கி வழியே பெறுவதே இருவருக்கும் பாதுகாப்பு.

காலமும் முக்கியம். மார்கழியில் பத்திரம் பதிய நம் மக்கள் தயங்குவர். தை பிறந்தால் பதிவாளர் அலுவலகத்தில் கூட்டம் நிற்கும். வடகிழக்குப் பருவமழை எந்த ஓடு ஒழுகுகிறது என்று காட்டிக் கொடுத்துவிடும். மார்கழியில் அதைச் சீர்செய்து, காகிதங்களைத் திரட்டி, பொங்கலுக்கு வெள்ளையடித்தால் தையில் துணிந்து வீட்டைக் காட்டலாம்.

மாணவ நண்பர்களே! நம் பெற்றோர் பலருக்குப் பத்திரத்தின் மொழி புரிவதில்லை. படித்த நாம்தான் படித்துச் சொல்ல வேண்டும். இவ்விடுமுறையில் வீட்டுப் பெட்டியைத் திறந்து, பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். விற்கும் எண்ணம் இல்லாதபோதே அதைப் பார்த்து வைப்பது நல்லது.