உங்களுக்குத் தெரியுமா? சோடியம் குறைந்தால் அவசரம் கூடாது!

ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். குறைந்தால் தலைசுற்றல், வாந்தி, மனக்குழப்பம். வெகுவாக இறங்கினால் வலிப்பு. வயதானவர் திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசினால் ‘மறதி நோய்’ என்று வீட்டார் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் அது சோடியம் குறைவாகவும் இருக்கலாம். அந்தக் குறைவுக்கு, ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் நீர் மாத்திரைகூடக் காரணமாக இருக்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், பலருக்கு உப்பு குறைவதில்லை, தண்ணீர்தான் கூடிவிடுகிறது. 2002 பாஸ்டன் மராத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. வழியெல்லாம் அளவுக்கு மீறிக் குடித்ததே முக்கியக் காரணம்.

குறைந்தது உப்பா, கூடியது தண்ணீரா என்று அறியத்தான் டாக்டர் சிறுநீரையும் சோதிக்கச் சொல்கிறார். வயிற்றுப்போக்கில் நீரும் உப்பும் இழந்தவருக்குச் சாதாரண சலைன் (லிட்டருக்கு 9 கிராம் உப்பு) போதும். உடம்பு நீரை வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்ளும் கோளாறு உள்ளவருக்கோ அதே பாட்டில் சோடியத்தை இன்னும் இறக்கிவிடக்கூடும். அவருக்குத் தண்ணீரைக் குறைப்பதே முதல் வைத்தியம். வலிப்பு, நினைவிழப்பு போன்ற ஆபத்து வேளையில் 3 சதவீத சலைனைக் கொஞ்சமாக, 100 அல்லது 150 மில்லி ஏற்றுவார்கள்.

நாள்பட்ட குறைவை ஒரே நாளில் சரிசெய்யக் கூடாது. 24 மணி நேரத்தில் 8 முதல் 10 மில்லிமோலுக்கு மேல் ஏறினால் மூளைத்தண்டில் நரம்பு உறை சிதைந்து, சில நாள் கழித்துப் பேச்சும் கைகால் அசைவும் போய்விடலாம். சில மணிக்கு ஒருமுறை ரத்தம் எடுப்பது இதற்காகத்தான். நர்ஸிடம் சண்டைக்குப் போகாதீர்கள்!